தாவணியில பல்லு பார்த்த கதை

வாடா பேராண்டி. வந்ததும் வராததுமா போனை நீட்டுற. என்ன, உங்க செயற்கை நுண்ணறிவு வக்கீல் பரீட்சையில பாஸாயிருச்சா? ஆகட்டும். 2016ல சியோல்ல கோங்கிற பலகை ஆட்டத்துல சாம்பியன் லீ செடோலை நாலுக்கு ஒண்ணுன்னு மண்ணைக் கவ்வ வச்ச கதையைத்தான் போன பொங்கலுக்கே சொல்லிட்டியே. நானும் மந்தையில ஆடுபுலி ஆட்டத்துல ஒரு பயலையும் விட்டதில்ல. அதனால வீட்டுல படியரிசி கூடுச்சான்னு உங்க அப்பத்தாளைக் கேட்டுப் பாரு. கேட்டுட்டு, கொஞ்சம் தள்ளி நின்னுக்க.

எனக்குச் சக்கரை இருக்குல்ல? வருசம் ஒருக்கா கண்ணுக்குள்ள படம் எடுக்கணும்னு டாக்டரம்மா உத்தரவு. போன முகாம்ல ஒரு நர்சுப் புள்ள, "தாத்தா, சிமிட்டாதீக"ன்னுச்சு. வெளிச்சம் பளீர்னு அடிக்கவும் சிமிட்டிட்டேன். மூணு தடவை. அது மொகஞ்சுளிக்காம என் நாடியைத் தூக்கி வச்சு, இமையை விரலால ஏத்திப் புடிச்சு, நாலாவது தடவை எடுத்துருச்சு.

இந்த மாதிரிப் படத்தைப் பார்த்து கண்ணு நோவு சொல்ல கூகுள்காரங்க ஒரு மிஷினைப் பழக்குனாங்க. 1,28,175 படம். அமெரிக்காக்காரன் கண்ணோட நம்ம மதுரை அரவிந்த் ஆஸ்பத்திரிக்கு வந்தவுக கண்ணும் அதுல உண்டு. 54 டாக்டருங்க உக்காந்து தரம் பிரிச்சுக் குடுத்தாங்க. 2016ல சோதிச்சுப் பார்த்தா, டாக்டருக்குச் சமமா நின்னுச்சு. நீயா இருந்தா அன்னைக்கே வேட்டு போட்டிருப்ப.

பொறவு அதைத் தாய்லாந்துல 11 சுகாதார நிலையத்துல வச்சு ஆராய்ச்சி பண்ணுனாங்க. முந்தி அங்க படம் டாக்டர்கிட்டப் போயி பதில் வர 10 வாரங்கூட ஆகுமாம். மிஷின் 10 நிமிசத்துக்குள்ள சொல்லிப்புடும். நல்ல சங்கதி, இல்லைங்கல. ஆனா அதுக்குத் தெளிவான படம் வேணும். அங்கயோ அறையை இருட்டாக்கத் தோதில்ல, படம் மங்குது. மொத ஆறு மாசத்துல 1,838 படத்துல 21 சதவீதத்தை "ஆகாது"ன்னு தள்ளிருச்சு. அதுக்கென்ன, தள்ளுறது லேசு. பொழப்பை விட்டுட்டு வந்த ஆளை, இன்னொரு நாள் வேற ஊரு ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்ல வேண்டியது நர்சு. நெட்டும் நொண்டி. ஒரு இடத்துல காலையில 6 மணிக்கே சனம் வந்து காத்துக் கெடக்கு. மொத ரெண்டு மணி நேரத்துல 10 பேரைத்தான் பார்க்க முடிஞ்சுச்சாம். ஏழை சனம் வீணா அலையுமேன்னு, இந்த ஆராய்ச்சியில சேராதீகன்னு செல நர்சுகளே சொல்லிவிட்டிருக்காங்க.

இத்தனையையும் மறைக்காம 2020ல எழுதி வச்சவங்களும் கூகுள் ஆளுகதான். அதுக்கு ஒரு கும்பிடு. மிஷினோட ஒக்காராம நர்சோட ஒக்கார்ந்து பார்த்திருக்காங்க பாரு.

மாட்டுத்தாவணியில பல்லைப் புடிச்சுப் பார்த்துதான் மாடு வாங்குறோம். ஏர்ல பூட்டுன அன்னைக்கே அது படுத்துக்கிட்டா, பல்லை எண்ணிக்கிட்டா வயலைச் சுத்துறது? நீ எனக்குச் சொல்றதெல்லாம் பல்லுக் கணக்குடா. எத்தனை பேரு கண்ணைக் காட்டிட்டு அன்னைக்கே வீடு போயிச் சேந்தாக, அதைக் கொண்டா.

சரி, வியாழக்கிழமை முகாம். வண்டியில காத்து இருக்கான்னு பாரு. கொல்லையில நாலு முருங்கைக்காயைப் பறிச்சு அந்த நர்சுப் புள்ளைக்குன்னு எடுத்து வை. இந்தத் தடவையும் நான் சிமிட்டத்தான் செய்வேன்.