மச்சானைக் கேட்காமல் மீன் தொட்டி செய்வது எப்படி

அக்ரிலிக்கில் மீன் தொட்டி செய்ய முதலில் தேவைப்படுவது தகடு அல்ல, துபாய் போய் வந்த ஒரு மச்சான். சவளக்கடையிலிருந்து சாய்ந்தமருது வரைக்கும் வீட்டுக்கொருவர் இருப்பதால் தேடி அலைய வேண்டியதில்லை. கல்முனைக்குக் கண்ணாடி வெட்டப் போகிறேன் என்று வாயைத் திறந்தாலே போதும், மனிதர் வந்துவிடுவார். துபாய் மாலில் சுறா நீந்தும் சுவருக்கு முன்னால் தான் நின்ற படத்தைக் கைபேசியில் காட்டுவார்.

"இது கண்ணாடியில்ல மச்சான், பிளாஸ்டிக். அவனே பிளாஸ்டிக்ல செஞ்சிரிக்கான், உனக்கென்னத்துக்குக் கண்ணாடி?"

சொல்வது பொய்யல்ல. 2008இல் திறந்த அந்தச் சுவர் அக்ரிலிக்தான். அகலம் 32.88 மீற்றர், உயரம் 8.3 மீற்றர். மச்சான் சொல்லாமல் விடுவது தடிப்பை மட்டும்: 75 சென்ரிமீற்றர். உங்களுக்காக அவர் பேசி முடித்திருக்கும் தகடோ 3 மி.மீ. இடையிலுள்ள 250 மடங்கை "நம்மட மீன் சின்ன மீன்தானே" என்று சரிக்கட்டுவார். தொட்டியின் சுவரைத் தள்ளுவது தண்ணீரின் உயரம், மீனின் பருமன் அல்ல என்று அவரிடம் வாதிட வேண்டாம். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டு, அந்தத் தகடு எங்கிருந்து வருகிறது என்று விசாரியுங்கள்.

பெரும்பாலும் ஏதாவது கடையின் பின்பக்கத்திலிருந்து வரும். 2020இல் கொரோனா வந்தபோது காசாளருக்கு முன்னால் மாட்டிய மறைப்பு அது. இப்போது மா மூடைகளுக்குப் பின்னால் சாத்திக் கிடக்கும், சும்மாவே தருவார்கள். வாங்கினால் ஒருமுறை வெயிலில் சரித்துப் பிடித்துப் பாருங்கள். உள்ளே மயிரிழைபோல நூற்றுக்கணக்கான வெடிப்புகள் மினுங்கினால் காரணம் கிருமி அல்ல, கிருமிநாசினி. அக்ரிலிக்குக்கு மதுசாரம் ஆகாது. ஸ்பிரிட் கலந்த திரவத்தால் மாதக்கணக்கில் துடைத்த தகடு, பார்வைக்கு நன்றாகவே நின்று, தண்ணீர் ஊற்றியதும் அந்த வெடிப்புகளின் வழியே பிளக்கும். கோழிக்கூட்டுக்குச் சாரல் மறைப்பாகக் கட்டலாம். அதற்கு மேல் அதனிடம் எதையும் கேட்க வேண்டாம்.

புதுத் தகடு வேண்டுமென்றால் எழுத்துப் பலகை செய்யும் கடைக்குப் போக வேண்டும். முழுத் தகடு 8 அடிக்கு 4 அடி. அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று.

"காக்கா, இது காஸ்டா, எக்ஸ்ட்ரூடா?"

"நல்ல சாமான் தம்பி."

இதைப் பதிலாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருவதுதான் வழமை. ஆனால் காஸ்ட் என்பது இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் திரவமாக ஊற்றி இறுக வைத்தது. எக்ஸ்ட்ரூட் என்பது இயந்திரத்தில் உருக்கிப் பிதுக்கித் தள்ளியது. இரண்டாவது மலிவு, தடிப்பும் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும், எழுத்துப் பலகைக்கு அதுவே போதும். தொட்டிக்குப் போதாது. அறுக்கும்போது சூட்டில் இளகி வாளைப் பிடித்துக்கொள்ளும், ஒட்டுத் திரவம் பட்ட இடத்தில் வெடிக்கும். தகட்டின் நான்கு ஓரங்களையும் அளந்து பாருங்கள். தடிப்பில் சிறு ஏற்ற இறக்கம் இருந்தால் மகிழுங்கள், அது காஸ்டாக இருக்க வாய்ப்புண்டு. கோணல்மாணலான சாமானைத் தேடி எடுத்து அதிக காசு கொடுக்கும் உங்களைக் கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்க்கட்டும்.

இன்னொரு ஆபத்து, அக்ரிலிக் என்ற பெயரில் பொலிஸ்டைரீன் விற்பது. இதற்குச் சோதனை குசினியிலேயே இருக்கிறது. ஒரு லீற்றர் தண்ணீரில் 150 கிராம் உப்பைக் கரைத்து, தகட்டின் சிறு துண்டொன்றைப் போட்டு அமுக்கிவிடுங்கள். பொலிஸ்டைரீன் மிதக்கும், அக்ரிலிக் அடியில் கிடக்கும். உப்பு வீணாகிறது என்று ராத்தா சத்தம்போட்டால், கருவாட்டுக்கு எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

கல்முனையிலிருந்து சவளக்கடைக்குத் தகட்டைக் கொண்டுவருவது தனிக்கலை. 6 மி.மீ. முழுத் தகடு 21 கிலோதான். அதே அளவு கண்ணாடி 44 கிலோவைத் தாண்டும். பாரம் குறைவு என்ற துணிச்சலில் மோட்டார் சைக்கிளின் பின்னால் தம்பியை இருத்தி, அவன் கையில் அதைக் கொடுத்துவிட்டுக் கிட்டங்கிக்கு வந்தால், இரண்டு பக்கமும் மறைப்பில்லாத நீர்வெளிக் காற்று தகட்டைத் தன் கணக்கில் எடுத்துக்கொள்ளும். மாரி காலத்தில் இந்தக் கேள்வியே எழாது, வெள்ளம் பாதையை மேவினால் தகடும் போகாது, தம்பியும் போகமாட்டான். கடையிலேயே அளவுக்கு அறுத்து வாங்குங்கள். லேசரில் வெட்டித் தருகிறேன் என்று பெருமையோடு சொல்வார்கள். பளபளப்பாகத்தான் வரும். ஆனால் சூடுபட்ட அந்த ஓரத்துக்குள் இறுக்கம் நிற்கும், ஒட்டும்போது அங்கேதான் வெடிப்பு தொடங்கும். ஒட்டும் ஓரத்துக்கு நுண்பல் வாளே உத்தமம்.

மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தை வீட்டுக்கு வந்ததும் உரித்துப் போடுவது பிள்ளைகளின் உரிமை. அந்த உரிமையை மறுத்துவிடுங்கள். அறுத்து, துளைத்து, ஓரம் தேய்த்து முடியும்வரை காகிதம் இருக்க வேண்டும். ஒட்டுமிடத்தில் மட்டும் ஒரு விரல் அகலம் உரித்தால் போதும்.

இனி ஒட்டு. இந்த இடத்தில் மச்சான் திரும்பி வருவார், கையில் சுப்பர் குளூவோடு.

சுப்பர் குளூ அக்ரிலிக்கைப் பிடிக்கும், மறுப்பதற்கில்லை. பிடித்த இடத்தைச் சுற்றி வெள்ளைப் புகைபடிந்த மாதிரி ஆக்கிவிட்டு, தண்ணீரில் சில மாதம் கிடந்ததும் விட்டுவிடும். சரி, சிலிக்கன் பூசலாம் என்பார் அடுத்து. கண்ணாடித் தொட்டியைத் தாங்கி நிற்பதே சிலிக்கன்தான், ஆகவே நியாயமான யோசனைபோலத் தோன்றும். ஆனால் கண்ணாடியோடு பிணைகிற மாதிரி அது அக்ரிலிக்கோடு பிணையாது. காய்ந்தபின் விரலால் இழுத்தால் வாழைநார்போல உரிந்து வரும். அக்ரிலிக்குக்கு வேண்டியது பசையே அல்ல, அதைக் கரைக்கிற திரவம். டைகுளோரோமீதேன் சிறந்தது. நம் பக்கத்துப் பலகைக் கடைகளில் குளோரோபோம் என்று கேட்டால் புரியும். இரண்டு ஓரங்களையும் கொஞ்சம் கரைத்து ஒன்றோடொன்று கலக்கவிட்டுத் திரவம் ஆவியாகிவிடும். அதன்பின் அங்கே இரண்டு தகடு கிடையாது.

ஆகவே ஓரங்கள் மயிரிழை இடைவெளியில்லாமல் பொருந்த வேண்டும். பொருத்திப் பிடித்துக்கொண்டு, சிரிஞ்சின் ஊசியை மூலையில் வைத்து மெல்ல இழுத்துக்கொண்டே போனால், திரவம் தானாக இடுக்குக்குள் ஓடும். வெள்ளையாகக் குமிழ் தெரிந்தால் அங்கே ஒட்டவில்லை. நிறைய ஊற்றினால் நன்றாக ஒட்டும் என்பது சோற்றுக்குக் கறி ஊற்றும் நியாயம், இங்கே செல்லாது. வழிந்த இடமெல்லாம் தழும்பாகும். அறைக் கதவைச் சாத்தி ஏசி போட்டுக்கொண்டு இந்த வேலையைச் செய்ய வேண்டாம். ஆவி ஆளையே மயக்கக்கூடியது. முற்றத்தில், காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி இருந்து செய்யுங்கள். பிள்ளைகள் கிட்ட வரக்கூடாது.

"இந்த மருந்து மீனுக்கு நஞ்சில்லையா மன?" என்று உம்மா கேட்பார். இந்த வழிகாட்டியில் கேட்கப்படும் ஒரே நல்ல கேள்வி அதுதான். காயாத ஒட்டு நஞ்சு. நன்றாகக் காய்ந்த அக்ரிலிக் பயமில்லை. போர் விமானத்தின் மூடி சிதறி விமானிகளின் கண்ணுக்குள் போன துண்டுகள் கேடு செய்யாமல் கிடந்ததைக் கவனித்துத்தான், ஹரோல்ட் ரிட்லி 1949இல் லண்டனில் முதன்முதலாகக் கண்ணுக்குள் அக்ரிலிக் வில்லை வைத்தார். வெள்ளை படர்ந்த கண்ணுக்கு இன்று வைக்கிற வில்லைகளுக்கு அதுதான் மூத்தது. உம்மாவுக்குக் கண் சத்திரசிகிச்சை நடந்திருந்தால் அவரே சாட்சி.

பிறகு தொட்டியை எங்கே வைப்பது? மண்டபத்தில் ஷோகேசின் மேல் என்று ஏற்கனவே தீர்மானமாகியிருக்கும். 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம் என்றால் தண்ணீர் மட்டும் 182 லீற்றர், அதாவது 182 கிலோ. மூன்று மூடை நெல்லை ஷோகேசின் மேல் அடுக்குவதற்குச் சமன். முன்பக்கத் தகட்டை மட்டும் கிட்டத்தட்ட 90 கிலோ விசை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும், இரவிலும். ஒரே தடிப்புள்ள கண்ணாடியைவிட அக்ரிலிக் 20 மடங்குக்கு மேல் வளையும். சுத்தியலால் அடித்தால் தாங்கும் சாமான், சும்மா நின்று தள்ளுகிற தண்ணீருக்கு வயிறு தள்ளிவிடும். இந்த உயரத்துக்கு 10 மி.மீ.க்குக் குறையக்கூடாது, மேலே சுற்றிவர ஒரு பட்டியும் ஒட்ட வேண்டும். அந்த விலையைக் கேட்டதும் துபாய்ப் படம் கைபேசிக்குள் போய்விடும்.

இன்னும் ஆசை அடங்காதவர்களுக்கு பேர்லினைச் சொல்லலாம். ஹோட்டல் ஒன்றின் நடுவே உருளையாக நின்ற அக்வாடோம், தொழில் தெரிந்தவர்கள் கட்டிய அக்ரிலிக் தொட்டி, 2022 டிசம்பர் 16 விடியுமுன் வெடித்தது. பத்து லட்சம் லீற்றர் தண்ணீர், ஏறக்குறைய 1,500 மீன்கள்.

எனவே என் சிபாரிசு: தொட்டியைக் கண்ணாடியில் செய்யுங்கள். வாங்கிவிட்ட அக்ரிலிக்கை மற்றதற்கெல்லாம் வைத்துக்கொள்ளுங்கள். கப்பி மீன் போட்ட குட்டியைத் தானே தின்னும், 2 மி.மீ. கீறலிட்ட சிறு பெட்டியொன்றை உள்ளே தொங்கவிட்டால் குட்டி தப்பும். அதற்கு அக்ரிலிக்கைவிடத் தோதான சாமான் இல்லை. வடிகட்டிப் பெட்டிக்கும் அப்படியே, துளைப்பதும் வளைப்பதும் கண்ணாடியைவிடச் சுலபம். துடைக்கும்போது ஈரப் பருத்தித் துணி மட்டும் போதும். கண்ணாடி துடைக்கும் நீல மருந்தை எட்ட வைத்துவிடுங்கள்.

மூடியும் அக்ரிலிக்கில் செய்யலாம், வயல் வாய்க்காலில் பிடித்த விராலைத் தம்பி கொண்டுவந்து விட்டிருந்தால் கட்டாயம் செய்ய வேண்டும். ஒரேயொரு வில்லங்கம்: அக்ரிலிக் ஈரம் குடிக்கும். அடிப்பக்கம் ஆவி குடித்து விரிய, மேற்பக்கம் காய்ந்தே கிடக்க, நடு தாழ்ந்து ஓரங்கள் தூக்கிக்கொள்ளும். எறிந்துவிட வேண்டாம். தலைகீழாகப் புரட்டி வைத்தால் தானே நிமிரும், பிறகு மறுபக்கம் வளையும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகுமுன் ஒருதரம் புரட்டிவிடுங்கள், மறக்காது.