காசைப் பையிலேயே வை பேராண்டி

ஏலே பேராண்டி, வா. இந்தக் கட்டில்ல உக்காரு. தேரி மண்ணுல ஒரு செப்புக்காசு பொறுக்கினியாம், அதுல எழுத்து அம்புட்டும் வலத்தே இருந்து இடத்தே ஓடுதாம், பாண்டியன் ரகசியமா எழுதுன எழுத்தாம், கோடி பெறுமாம். படத்தை எடுத்து ஊரு பூரா அனுப்பிட்ட. டீக்கடையில என் கையிலயும் ஒரு செல்லைத் திணிச்சானுவ. பாத்தேன். தசராவுக்கு ராசா வேசம் கட்டுத பயலுக்கு ராசாங்க ரகசியம் தெரியாம வேற எவனுக்குடே தெரியும்? காசை வெளிய எடுக்காத. பையிலேயே கெடக்கட்டும்.

நான் பெரிய படிப்பெல்லாம் படிக்கல. உடன்குடியில ஒரு அச்சாபீசுல முப்பது வருசம் ஈய எழுத்து கோத்தவன். ஈயத்துல எழுத்து திரும்பித்தான் நிக்கும். அப்பத்தான் தாள்ல நேரா விழும். சேந்த புதுசுல, ஒரு கல்யாண நோட்டீசுக்கு மாப்பிள்ளை பேரை மரக்கட்டையில அழகா, நேரா செதுக்கிட்டேன். முந்நூறு நோட்டீசு அடிச்சாச்சு. பொண்ணு வீட்டுக்காரன் கண்ணாடியில காட்டித்தான் மருமவன் பேரைப் படிச்சான்.

காசடிக்கவன் பாடும் அதேதான். இரும்பு அச்சுல எழுத்தைப் பள்ளமா, திருப்பி வெட்டணும். ரெண்டு அச்சுக்கு நடுவுல செப்புத் தட்டை வச்சு சம்மட்டியால ஒரு போடு. அச்சு வெட்டுதவன் நேத்துக் குடிச்ச கள்ளு எறங்காம எழுத்தை நேரா வெட்டிட்டான்னு வையி, காசுல ராசா பேரு திரும்பி விழும். இன்னொரு வழியும் உண்டு. அடிச்ச காசு மேலச்சுலயே ஒட்டிக்கிடும். அதைக் கவனியாம அடுத்த தட்டை வச்சு அடிச்சா, ஒட்டுன காசே அச்சாயிரும். சிரட்டையில கருப்பட்டி ஊத்துத மாதிரிதான்: இதுல குழின்னா அதுல மேடு. இதுல எழுத்து இடம் வலமாவும் மாறிரும், அம்புட்டுதான். அதனால நகத்தை வச்சுத் தடவிப் பாக்கணும். எழுத்து மேடா நின்னா தப்பு வெட்டுனவன் மேல. குழிஞ்சு கெடந்தா அடிச்சவன் மேல. ராசா மேல ஒரு தப்பும் இல்ல.

வெக்கப்படாத. உன்னை விடப் பெரிய தலையெல்லாம் இதுல உருண்டிருக்கு. ஒரு வாத்தியாரு புஸ்தகத்துக்கு எழுத்து கோக்கையில படிச்சேன். மத்தியப் பிரதேசத்துல ஏரண்னு ஒரு ஊரு. அங்க கன்னிங்காம் தொரைக்கு ஒரு காசு கெடச்சுது. தர்மபாலன்னு பேரு, பிராமி எழுத்து, வலமிருந்து இடமா ஓடுது. பியூலர்னு ஒரு செருமன் பண்டிதர் 1890-கள்ல அதைப் பிடிச்சுக்கிட்டாரு. ஆதியில பிராமியே அப்பிடித்தான் எழுதுனாங்க, மேக்க செமிட்டிக் எழுத்துல இருந்து வந்ததுக்கு இது சாட்சின்னுட்டாரு. ஒத்தக் காசை வச்சு ஒரு தேசத்துக்கே கையைத் திருப்பிட்டாரு பாத்தியா! தஞ்சாவூர்க் கல்வெட்டைப் பதிப்பிச்ச ஹுல்ட்ஷ் அதை ஒத்துக்கல. அச்சு வெட்டுனவன் அசந்துட்டாலும் இப்பிடித்தான் வரும்ங்கது அவரு கட்சி. 1886-ல இந்தூர்ல அடிச்ச காலணா ஒண்ணுலகூட நாகரி எழுத்து திரும்பி விழுந்திருக்கு. அந்த வருசம் இந்தூர்க்காரன் பூராப் பேரும் வலத்தே இருந்து எழுதினானா?

ஆனா கல்லுன்னா வேற வழக்கு. ஆந்திராவுல எர்ரகுடிப் பாறையில அசோகன் வெட்டுன சாசனத்துல சில வரி நெசமாவே வலத்தே இருந்துதான் ஓடுது. பாறைக்கு ஏதுடே அச்சு? இலங்கையில திச்சமகாராமையில கெடச்ச பானையோட்டுல 'திரளி முறி'ன்னு ஐராவதம் மகாதேவன் படிச்சாரே, அதுலயும் கொஞ்ச எழுத்து திரும்பித்தான் போவுது. அதுக்கெல்லாம் மண்டையை உடைச்சுக்கலாம்.

சரி, இப்ப நீ செய்ய வேண்டியதைச் சொல்லுதேன். 1878-லயே புதையல் சட்டம்னு ஒண்ணு போட்டிருக்கான் வெள்ளக்காரன். பத்து ரூவாய்க்கு மேல பெறுமானம் உள்ளது மண்ணுக்குள்ள கெடச்சா கலெக்டருக்குச் சொல்லணும். கோடி பெறும்னு நீதான எழுதியிருக்க? அப்ப வண்டியை எடு, தூத்துக்குடி போவோம். பத்து ரூவா பெறாதுங்கியா? அப்ப காசை என்கிட்ட குடுத்துட்டு ஒரு சுக்குக்காப்பி குடிச்சிட்டுப் போ.

பொறு, முதல்ல அந்தப் படத்தை எடு. காசைக் கன்னத்தோட ஒட்டிப் பிடிச்சுக்கிட்டு இளிச்சிருக்கியே, அதேதான். உன் பனியன்ல 'சென்னை'ன்னு அடிச்சிருக்குல்லா, அதை வாசி. என்னலே முழிக்க? இடது கையில கட்டுத கடியாரம் எப்படே வலது கைக்குப் போச்சு?

செல்லை வையி. இப்ப காசை எடு. வெளிச்சத்துல காட்டு. சோ… ணா… டு… கொண்டான். சோணாடு கொண்டானா! மாறவர்மன் சுந்தரபாண்டியன் காசுலா இது!

சுக்குக்காப்பி கெடக்கு. செருப்பைப் போடு, தூத்துக்குடி பஸ்ஸு எத்தனை மணிக்கு?