முன்வாசல் ஏ, கொல்லைவாசல் சி

தான் குடியிருக்கும் தெருவைப் பற்றி எந்தக் கிருகஸ்தனுக்கும் இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. பெண்ணுக்கு வரன் பேச வந்தவர்களிடமும் வீட்டை விலைக்குக் கேட்டு வரும் தரகரிடமும் சொல்வது ஒன்று. கேட்புச் சீட்டோடு வந்து திண்ணையில் அமரும் பில் கலெக்டரிடம் சொல்வது மற்றொன்று. முதலாவதன்படி அது கோயிலும் குளமும் பள்ளிக்கூடமும் கூப்பிடு தூரத்தில் வாய்த்த, பூர்வபுண்ணியம் உள்ளவர்களுக்கே கிடைக்கக்கூடிய ஸ்தலம். இரண்டாவதன்படி அது சாக்கடையும் கொசுவும் தெருநாயும் முறை வைத்து ஆட்சி புரியும், மனித சஞ்சாரத்துக்கு லாயக்கற்ற ஆரண்யம்.

இந்த இரட்டை நாவை மனிதனுக்குக் கொடுத்தவர் பிரம்மதேவர் என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். சொத்துவரிச் சட்டம் கொடுத்தது என்பது பிற்பாடுதான் விளங்கிற்று. எங்கள் ஊர் சிறிய நகரம். பஸ் நிலையத்தில் இறங்கியவன் வாயில் போட்ட வெற்றிலைச் சாறு இறங்குவதற்குள் மறு எல்லையைத் தொட்டுவிடலாம். இத்தனை சிறிய ஊரையும் ஏ, பி, சி என்று மண்டலங்களாகப் பகுத்து, தெருவுக்குத் தெரு சதுர அடிக்கு இன்ன மதிப்பு என்று நிர்ணயித்து, அதன்மேல் கட்டடம் தளம் போட்டதா ஓடு வேய்ந்ததா, குடியிருப்பா கடையா, வயது என்ன என்றெல்லாம் விசாரித்து, ஆண்டு வாடகை மதிப்பு என்ற ஒரு தொகையைக் கண்டுபிடித்து, அதிலிருந்து அரையாண்டு வரியைக் கறந்தெடுக்கிறார்கள். இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்த அம்சம், கட்டடத்துக்கு வயது ஏற ஏற மதிப்பில் கழிவு கொடுப்பது. கிழத்தன்மைக்குச் சலுகை தரும் ஸ்தாபனங்கள் உலகில் அதிகம் இல்லை.

என் வீடு இரண்டு மண்டலங்களின் சந்திப்பில் நிற்கிறது. முன்வாசல் சன்னதித் தெருவில், அதாவது ஏ மண்டலத்தில். கொல்லைவாசல் திறப்பது ஒரு சந்தில், அது சி. பால்காரர், கீரைக்காரி, குழாய் ரிப்பேர்க்காரர், கடன் கேட்கும் பந்துக்கள் ஆகிய சகலரும் சந்து வழியாகவே வந்து போகிறார்கள். முன்வாசல் வழியாகத் தவறாமல் வருகிறவர் பில் கலெக்டர் ஒருவர்தான். “வாசல் எந்தத் தெருவிலோ அந்தத் தெரு ரேட்தான், சார்” என்று அவர் சித்தாந்தமாகச் சொல்லிவிட்டார். அப்படியானால் முன்வாசலைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டுச் சந்துவாசியாகிவிடுவது என்று தீர்மானித்தேன். இதற்குச் சரித்திர ஆதாரம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை ஜன்னல் வரி என்று ஒன்று இருந்தது. ஜன்னலின் எண்ணிக்கையைப் பொறுத்து வரி என்றதும், கனவான்கள் பலர் சூரிய பகவானைத் தியாகம் செய்து ஜன்னல்களை அடைத்துவிட்டார்கள். அடைபட்ட அந்த ஜன்னல்களை இன்றும் பழைய வீடுகளில் காணலாம். என் மனைவிக்கு இங்கிலாந்தின் சரித்திரத்தில் மதிப்பில்லை. “மகாலட்சுமி கொல்லைப்புறமாக வருவாளா?” என்று கேட்டாள். ஏ மண்டலத்து வரியைக் கட்டிய பிறகு மகாலட்சுமி எந்த வாசல் வழியாகத்தான் வருவாள் என்று எனக்குத் தெரியவில்லை. ஆயினும் செங்கல் வாங்கவில்லை.

2022-ஆம் ஆண்டு வரியை உயர்த்தியபோது இந்த வேடிக்கைக்கு இன்னொரு சுருதி சேர்ந்தது. சென்னை நீங்கலான ஊர்களில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று உயர்வு. சென்னையிலோ ஒரே மாநகராட்சிக்குள், பழைய எல்லையில் குடியிருப்பவனுக்கு 50-இல் தொடங்கி 150 வரையிலும், 2011-இல் சேர்ந்த பகுதியில் குடியிருப்பவனுக்கு 25-இல் தொடங்கி 100 வரையிலும் உயர்ந்தது. என் வீடு 1,205 சதுர அடி. என் பாட்டனார் எந்த நல்லெண்ணத்தில் திண்ணையை அந்த ஐந்து சதுர அடி நீட்டினாரோ அறியேன். மாலையில் அதன்மேல் உட்காரும் நண்பர்களைப் பார்க்கும்போதெல்லாம், இவர்கள் 75 சதவீதத்தின்மேல் அல்லவா வீற்றிருக்கிறார்கள் என்ற எண்ணம் என் உபசாரத்தைச் சற்றுக் குறைத்துவிடுகிறது.

வரியோடு ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரியும் சேர்ந்து வருகிறது. 1948-இல் சென்னை மாகாணம் இயற்றிய பொது நூலகச் சட்டத்தின் சந்ததி அது; பின்னணியில் எஸ். ஆர். ரங்கநாதனின் உழைப்பு இருந்தது. இதை மட்டும் நான் முகம் சுளிக்காமல் கட்டுகிறேன். சொத்துவரி ஏறினால் இதுவும் ஏறுமாதலால், ஏ மண்டலத்தார் புஸ்தகங்களுக்கு அதிகம் கொடுக்கிறார்கள். வாசகசாலை பெஞ்சில் தினசரியை எழுத்து விடாமல் படிப்பவர்கள் சந்துக்காரர்கள்.

வரியை எதிர்ப்பதிலும் பூர்வீகர்கள் நமக்கு வழிகாட்டியிருக்கிறார்கள். 1810-இல் கம்பெனி சர்க்கார் வீட்டுவரி விதித்தபோது காசி நகரத்து ஜனங்கள் வீட்டையும் கடையையும் பூட்டிவிட்டு, ஊருக்கு வெளியே வெட்டவெளியில் கும்பல் கும்பலாகப் போய் உட்கார்ந்துவிட்டார்கள். மறு வருஷம் வரி ரத்தாயிற்று. இதை நான் எங்கள் தெருவாரின் கூட்டத்தில் உருக்கமாக எடுத்துரைத்தேன். வெட்டவெளியில் கொசு அதிகம் என்று அபிப்பிராயப்பட்டு, தெருவை பி மண்டலத்துக்கு இறக்கும்படி மனுக் கொடுப்பதே உசிதம் என்று முடிவு செய்தார்கள்.

மனுவுக்குத் தெருவின் குறைகள் வேண்டுமே! அன்று மாலை ஒவ்வொருவரும் காட்டிய உற்சாகத்தைக் கல்யாண வீடுகளில்கூட நான் கண்டதில்லை. விளக்குக் கம்பம் எரியாதது ஒருவர் உபயம். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் இன்னொருவருடையது. கோடிவீட்டுப் பெரியவர், இரவில் ஏதோ சப்தம் கேட்கிறது என்று ஒரு பேயையும் சேர்த்தார். பத்தி பத்தியாக வளர்ந்த மனுவை உரக்க வாசித்துக் காட்டியதும் கரகோஷம் எழுந்தது. பிறகு கையெழுத்து வாங்கப் பேனாவை நீட்டினேன்.

மேலவீட்டுக்காரர் பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படிப்பட்ட தெருவில் குடியிருப்பதாக எழுத்துமூலம் ஒப்புக்கொள்ள முடியாது என்றார். எதிர்வீட்டுக்காரர் விற்பனைக்கு முன்பணம் வாங்கியிருந்தார். வேறொருவர் வீட்டின்மேல் பாங்கியில் கடனுக்கு விண்ணப்பித்திருந்தார். பேயைக் கொண்டுவந்த பெரியவருக்கோ மாடி போர்ஷன் காலியாக இருந்தது. கடைசியில் கையெழுத்திட்டவர்கள் யாவரும் வாடகைக்குக் குடியிருப்பவர்களே. வீட்டுவரி அவர்கள் பெயரில் இல்லை என்று ஒற்றை வரியில் எழுதி, மனுவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.