சிம்பொனி சித்தப்பா

நோர்வூட்டில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் சித்தப்பா. கொழும்பில் துணிக்கடை வேலை. தீபாவளிக்கும் தோட்டத்துத் திருவிழாவுக்கும்தான் ஊர்ப்பக்கம் தலை காட்டுவார். முன்பெல்லாம் வந்தால் தப்பு அடிக்கிற இடத்தில்தான் கிடப்பார். முதலாளி வீட்டில் மிஞ்சிய ஒரு டிக்கெட் கைக்கு வந்ததிலிருந்து ஆளே மாறிப்போனார்.

டிக்கெட், லயனல் வென்ட் அரங்குக்கு. (வென்ட் பியானோ வாசித்து, படமும் பிடித்து, 1944இல் போய்ச் சேர்ந்தவர். சித்தப்பா பேசுவதைக் கேட்டால் சொந்த மச்சான் என்று தோன்றும்.) 1958இல் தொடங்கிய இலங்கை சிம்பொனி இசைக்குழு, இளசு ஒன்றை முன்னால் நிறுத்தி கொன்சேர்டோ வாசித்த இரவு அது. கொன்சேர்டோவுக்குப் பெரும்பாலும் மூன்று பாகம். முதல் பாகம் முடிந்ததும் சித்தப்பா கைதட்டியிருக்கிறார். அரங்கில் ஒலித்தவை இரண்டே கைகள், இரண்டும் அவருடையவை. முன்வரிசை அம்மா ஒருவர் திரும்பிப் பார்த்தாராம். அந்தப் பார்வையை அலுங்காமல் ஹட்டன் பஸ்ஸில் கொண்டுவந்து, இப்போது எங்களைப் பார்க்கிறார்.

“மூணு பாகமும் முடியணும். அப்புறந்தான் தட்டணும். காட்டுப் பயலுகளா!”

1778இல் பாரிஸில் தன் சிம்பொனிக்கு நடுவிலேயே கைதட்டு விழுந்ததை மொஸார்ட் பூரித்துப்போய் அப்பாவுக்கு எழுதினார். அந்தச் சந்தோஷத்தில் ஐஸ்கிரீமும் சாப்பிட்டார். இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன்.

“அவரு கொழும்புக்கு வந்ததில்லையே” என்றார்.

போன திருவிழாவில் கோயில் மேடையில் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று வயலின் வாசித்தது. அதற்கு அதுதான் முதல் மேடை. வர்ணம் முடிந்தது. கொழுந்து பறித்துக் காய்த்த கைகள் தட்ட உயர்ந்தன. சித்தப்பா எழுந்து விரலை உதட்டில் வைத்தார். கைகள் இறங்கின. கீர்த்தனை முடிந்தது, மறுபடியும் விரல். தில்லானா முடிந்தபோது தட்டலாமா கூடாதா என்று யாருக்கும் விளங்கவில்லை. மைக்கில் பனி இறங்கும் சத்தம்கூடக் கேட்டிருக்கும்.

பிள்ளை கண் கலங்கி இறங்கி வந்தது. “நான் பிழையா வாசிச்சிட்டேனா சித்தப்பா?”

“பிரமாதம்மா! அதான் ஒருத்தனும் மூச்சு விடல.”

அந்த நேரம் பார்த்து வெளியே தப்பு முழங்கியது. சித்தப்பாவின் வலது கால் தானாகத் தாளம் போட்டது. இடது காலால் அதை மிதித்து அடக்கினார்.

அந்தப் பிள்ளை இந்த வருஷமும் வாசிக்கிறது. வருகிறவர்கள் முன்வரிசையில் உட்காருங்கள். வர்ணம் முடிந்ததும் நான் தட்டுவேன். என்னைத் தனியாக விட்டுவிடாதீர்கள்.