கமிட்டி அண்ணாச்சி

திருநெல்வேலிப் பக்கம் எந்த ஊர் சி.எஸ்.ஐ. கோயிலுக்குப் போனாலும் இரண்டு பேர் கண்ணில் படுவார்கள். ஒருவர் ஐயர், அதாவது சபைப் போதகர்; சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்றலாகிப் போவார். இன்னொருவர் கமிட்டி அண்ணாச்சி. அவருக்கு மாற்றலே கிடையாது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் வெஸ்ட்ரி அறைச் சாவி. வேதப்புத்தகத்தை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்ததுண்டு. சாவியை மறந்ததாகச் சரித்திரம் இல்லை.

ஆவிக்குரிய வளர்ச்சியை அளக்க முடியாது என்பார்கள். அண்ணாச்சி விஷயத்தில் வெகு சுலபம். உட்காரும் இடத்தைப் பார்த்தால் போதும். ஓய்வுநாள் பள்ளியில் பாயில் இருந்தார். வாலிபர் சங்கச் செயலாளரானதும் கடைசி பெஞ்சுக்கு வந்தார். காணிக்கைப் பை எடுக்கும் பொறுப்பு கிடைத்ததும் நடு வரிசை. பொக்கிஷதாரரான பிறகு முதல் வரிசை, ஃபேனுக்கு நேர் கீழே. இதற்கு மேலும் வளர வேண்டுமானால் பீடத்தில்தான் ஏற வேண்டும். அங்கே ஐயர் நிற்கிறார்.

பிரசங்க நேரத்தில் கண் மூடியிருக்கும். தியானம் என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பார்கள், தூக்கம் என்று பழையவர்கள் சொல்வார்கள். இரண்டும் தப்பு, மனக்கணக்குப் போடுகிறார். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஐயரின் கையைப் பிடித்து, "பிரசங்கம் அருமைங்கய்யா" என்பார். ஐயர் முகம் மலர்வதற்குள், "பொம்பளையாளுக பக்கம் ஆளே இல்லாம ரெண்டு ஃபேன் சுத்திக்கிட்டு இருந்துச்சே, கவனிச்சியளா?"

வெஸ்ட்ரியில் மேசைமேல் காணிக்கைப் பையைக் கவிழ்க்கும்போதுதான் அவருக்கு ஆராதனையே தொடங்குகிறது. எட்டாக மடித்த பத்து ரூபாய்த் தாளை நகத்தால் பிரித்து நீவிவிட்டு, "இது மூணாவது வரிசை வாத்தியார் மடிப்பு" என்பார். கிழிந்த நோட்டொன்றை வெளிச்சத்தில் பிடித்து, "பஸ்ல வாங்க மாட்டான், கர்த்தர் வாங்கிக்கிடுவாருன்னு போட்டிருக்கான்" என்று நொந்துகொள்வார். அவர் போடுவது எவ்வளவு என்பது மட்டும் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. வலது கை செய்வது இடது கைக்குத் தெரியக்கூடாது என்ற உபதேசத்தில் அப்படி ஒரு கண்டிப்பு; மணிக்கட்டு மறையும்வரை பைக்குள் விட்டுத்தான் கையை எடுப்பார்.

உக்கிராணத்துவம், அதாவது பொறுப்பான நிர்வாகம், என்று ஐயர் எதைச் சொன்னாலும், சபைப் பணத்தைச் செலவழிக்காமல் இருப்பது என்றே அண்ணாச்சி காதில் விழும். புதையல் காக்கும் பூதம் தோற்றுவிடும். மைக் கரகரத்தால் மூன்று கடையில் விலைப்புள்ளி வாங்கச் சொல்வார். வாங்கி வந்தால் நான்காவது கடை எங்கே என்பார். மிஷனரி ஊழியத்துக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாமா என்று ஐயர் கமிட்டியில் கேட்டால், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிடுவார். "1903-லயே இந்திய மிஷனரி சங்கத்த ஆரம்பிச்ச ஊருய்யா இது! வெள்ளைக்காரங்கிட்டக் கையேந்தாம, நம்ம காசுல, நம்ம ஆள, தெலுங்கு நாட்டுக்கு அனுப்புனோம். அந்த வேலையில நின்ன வெள்ளாளன்விளை அசரியாதான் 1912-ல முதல் இந்திய ஆங்கிலிகன் பேராயரு!" கூட்டம் சிலிர்த்துப்போய் உட்கார்ந்திருக்கும். அந்தச் சூட்டிலேயே முடிப்பார்: "அதனால, இந்த ஐநூறு ரூவா விஷயத்த அடுத்த கமிட்டியில வச்சுக்கிடுவோம்."

இவ்வளவு கெட்டியான கை தளர்வது வருஷத்தில் ஒரே நாள், ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில். வாழைத்தார், பூசணி, முட்டை, கால் கட்டிய சேவல் என்று படைத்ததெல்லாம் ஏலத்துக்கு வரும். நாற்பது ரூபாய்ப் பூசணிக்காயை எதிர்க்கட்சி ஆள் ஆயிரம் என்று கேட்டுவிட்டால் போதும், அண்ணாச்சிக்குக் கர்த்தருடைய வீட்டின்மேல் வைராக்கியம் பொங்கும். "ரெண்டாயிரம்!" ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். மைக்கில் அவர் பேர் மூன்று தடவை முழங்கும். "பணத்துக்குப் பேர எழுதிக்கோரும், உபதேசியாரே." எழுதிய பேர் நோட்டில் அப்படியே இருக்கும். மாதக் கடைசியில் பாக்கிப் பட்டியலை அண்ணாச்சிதான் கணீரென்று வாசிப்பார். அந்த ஒரு பக்கம் மட்டும் மற்றொரு பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு திரும்பிவிடும்.

மூன்று வருஷத்துக்கு ஒருமுறை திருமண்டலத் தேர்தல் வரும். அப்போது அவருக்கு ஆத்தும பாரம் தாங்காது. கோயில் பக்கமே வராதவன் வீட்டுக்குக்கூட நடையாய் நடப்பார். "எப்படி இருக்கிய தம்பி? சங்கக் காணிக்கை நின்னுபோச்சே, நானே கட்டிட்டேன்." ஓட்டர் லிஸ்டில் பேர் ஏறிவிடும். காணாமற்போன ஆட்டை இத்தனை ஊக்கமாய்த் தேடும் மேய்ப்பர் வேறு இல்லை. லிஸ்டு ஒட்டும் நாள் வரைக்கும்தான் தேடல்.

அப்படியும் ஒருமுறை தோற்றார். பொக்கிஷதாரர் பதவி எதிர்க்கட்சிக்குப் போயிற்று. சாவியைக் கொடுத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாததால் பல வருஷத்துக்குப் பிறகு பிரசங்கத்தை முழுசாகக் கேட்டார். அன்றைக்கு அநீதியுள்ள உக்கிராணக்காரன் உவமை. நூறு குடம் எண்ணெய்க் கடனை ஐம்பது என்று எழுதச் சொன்ன இடத்தில் அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். கண் கலங்கிற்று. ஐயருக்கும் உள்ளுக்குள் சந்தோஷம். ஒரு ஆத்துமா தொடப்பட்டது என்று நினைத்தார்.

வாசலில் அண்ணாச்சி ஐயரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "புதுப் பொக்கிஷதாரர் யோக்கியதைய சபை நடுவுல இப்படிப் போட்டு உடைச்சிட்டியளே ஐயா! தைரியந்தான் உங்களுக்கு." சாயங்காலமே கணக்குக் கேட்டு மனு எழுதி, இருபத்திரண்டு கையெழுத்தும் வாங்கிவிட்டார்.