இருந்தும் காணாத முக்கால் ஜி.பி.

வானூர் தாலுகா ஆபீஸை நம்பிப் பிழைத்த கடைகளில் என்னுடையதும் ஒன்று. வேப்பமரத்தடியில் மனு எழுதுகிறவர், அவருக்கு அடுத்து ஸ்டாம்பு வெண்டர், அதற்கடுத்து ஜெராக்ஸும் டி.டி.பி.யுமாக நான். பாமினி எழுத்தில் வருமானச் சான்றுக்கு மனு, பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை, கோரல்டிராவில் காதுகுத்து பேனர். கம்ப்யூட்டரைப் போல முகத்தை மாற்றாமல் பொய் சொல்ல ஆள் கிடையாது என்பது இந்தத் தொழிலில் சீக்கிரமே தெரிந்துபோனது. அந்தக் காலத்தில் அது இருப்பதை இல்லை என்றது. இந்தக் காலத்தில் இல்லாததை இருக்கிறது என்கிறது. பழைய பொய்யே தேவலை என்று எனக்குச் சில நாள் தோன்றும்.

நான் படித்தது டாஸ். திண்டிவனத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய ஒரு ஏ.சி. அறையில். மெஷினில் 4 எம்.பி. மெமரி இருக்கும். புரோகிராமோ, 640 கே.பி.க்குள் இடம் போதவில்லை என்று நின்றுவிடும். மூலகாரணம், 1981இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யின் 8088 சிப். அதற்கு முகவரிக் கம்பிகள் 20தான். 10,48,576 பைட்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. அதிலும் மேல்புறம் 384 கே.பி.யைத் திரைக்கும் ரோமுக்கும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை நமக்கு விட்டார்கள். பின்னால் வந்த சிப்புகள் நன்றாகவே எண்ணக் கற்றுக்கொண்டன. டாஸ் மட்டும் பழைய கணக்கை விடவில்லை. ஹைமெம், இ.எம்.எம்.386 என்று கான்ஃபிக் ஃபைலில் வரிகளை மேலும் கீழும் மாற்றி எவனாவது 20 கே.பி.யை மீட்டுவிட்டால், மாஸ்டர் அவனுக்கு டீ வாங்கிக் கொடுப்பார். இன்றைக்கு வாட்ஸ்அப்பில் வரும் ஒரு காலை வணக்கத்தில் ரோஜாப்பூவின் ஓர் இதழுக்கே அதைவிட அதிகம் செலவாகிறது.

விண்டோஸ் 98 இன்னும் வேடிக்கை. 512 எம்.பி.க்கு மேல் ரேம் செருகினால், ‘மெமரி போதவில்லை’ என்று செய்தி வரும். ஆமாம், அதிகம் போட்டதால் போதவில்லை. கோப்புகளை எட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும் கேச் என்ற பகுதி, ரேம் பெருகப் பெருகத் தனக்கென்று முகவரிகளை முன்பதிவு செய்துகொண்டே போகும். கடைசியில் மற்றவற்றுக்கு முகவரி மிஞ்சாது. இவ்வளவுக்கு மேல் எடுக்காதே என்று ஒரு ஃபைலில் ஒரு வரி எழுதிவைப்பதுதான் வைத்தியம்.

இதெல்லாம் எங்களுக்குள்ளே இருந்த ரகசியம். ஊருக்குத் தெரிந்தது எக்ஸ்.பி. காலத்தில்தான். ரேம் விலை இறங்கி, வீட்டுக் கம்ப்யூட்டருக்கே 4 ஜி.பி. போடலாம் என்று ஆனபோது, திரையில் 3.25 என்று வந்தது. மரக்காணத்தில் உப்பளம் வைத்திருந்த ஒருவர், மகன் படிக்க வாங்கிய சிஸ்டத்துக்கு என்னிடம் ரேம் போட்டுக்கொண்டு போயிருந்தார். மூட்டையைத் தூக்காமலே எடை குறைகிறதா என்று சொல்லிவிடும் ஆள். கழுவெளியைச் சுற்றிக்கொண்டு சி.பி.யு.வை டி.வி.எஸ். 50இல் கட்டி எடுத்து வந்துவிட்டார்.

“தம்பி, நாலுக்குத்தானே காசு வாங்கின? மூணேகால்னு காட்டுது. முக்கால் எங்க?”

அவரை உட்காரவைத்துச் சொன்னேன். எக்ஸ்.பி. 32 பிட் கணக்குக்காரன். 32 பிட்டில் எழுத முடிகிற எண்கள் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 296. பைட்டுக்கு ஒரு முகவரி என்று வைத்தால் சரியாக 4 ஜி.பி. ஆனால் முகவரி கேட்பது ரேம் மட்டுமில்லை. கிராஃபிக்ஸ் கார்டு, நெட்வொர்க் கார்டு, பயாஸ் என்று போர்டில் இருக்கும் அத்தனைக்கும் அதே 429 கோடியிலிருந்துதான் கொடுத்தாக வேண்டும். அவை உச்சிப் பகுதியைப் பிடித்துக்கொள்ள, அங்கே வரவேண்டிய ரேம் கணக்கில் வராமல் போகிறது. போர்டில் செருகித்தான் இருக்கிறது, கரண்டும் குடிக்கிறது. அதைக் கூப்பிட எண் இல்லை.

கொஞ்ச நேரம் யோசித்தார். “எங்க அளம் மாதிரின்னு சொல்லு. பேரு அஞ்சு ஏக்கரு. உப்புத் தண்ணி தேக்க ஒரு பங்கு, அத்தக் காயவைக்க ஒரு பங்கு, வரப்பு, நடக்குற வழி, குவிக்கிற மேடு. போவ மிச்சம்தான் உப்பு பூக்குற பாத்தி. ஆளக் கூட்டிக்கினு வந்தா மட்டும் உப்பு கூடிடுமா?”

அதன்பிறகு முக்காலைக் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொல்லி அனுப்பினேன். அவரோ அத்துடன் விடவில்லை. “செரி, ஆவாத அந்த முக்காலக் கழட்டிக் குடு. வேற எதுக்குனா உதவும்.” இருப்பது 2 ஜி.பி. துண்டு இரண்டு, முக்காலை மட்டும் தனியாகப் பிய்க்க முடியாது என்று கையில் வைத்துக் காட்டியும் அவருக்கு ஆறவில்லை.

பேனர் கடைக்காரர்களின் பாடு தனி. டிசைன் சீக்கிரம் ஓடட்டும் என்று பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கிப் போடுவார்கள். அது தன் மெமரிக்கும் முகவரி கேட்கும். திரை காட்டும் ரேம் இன்னும் சுருங்கும். காசு கொடுத்துக் குறைத்துக்கொள்கிற ஏற்பாடு.

உப்பளக்காரரிடம் நான் சொல்லாமல் விட்ட சங்கதி ஒன்று உண்டு. சொல்லியிருந்தால் வண்டியைத் திருப்பியிருக்க மாட்டார். 1995இல் வந்த பென்டியம் ப்ரோ சிப்பே 36 பிட் முகவரி போடக் கற்றுவிட்டது. அதாவது 64 ஜி.பி. வரை. லினக்ஸ் அதைப் பயன்படுத்தியது. மைக்ரோசாஃப்ட்டின் 32 பிட் சர்வர் 2003 என்டர்பிரைஸ் பதிப்பும் பயன்படுத்தியது. வீட்டு எக்ஸ்.பி.க்கு மட்டும் 4 ஜி.பி. எல்லைக்கோடு. ஏன் என்று அந்நிறுவனத்தின் மார்க் ருசினோவிச் 2008இல் விளக்கி எழுதினார்: 4 ஜி.பி.க்கு மேல் முகவரி கொடுத்துச் சோதித்தபோது, பல கார்டுகளின் டிரைவர்கள் அதைத் தாங்காமல் சிஸ்டத்தையே சாய்த்தன. யாரோ அரைகுறையாக எழுதிய டிரைவருக்காக ஊரெல்லாம் முக்காலை இழந்தது. நியாயமான முடிவுதான் என்று இப்போது நினைக்கிறேன். தினமும் சாய்கிற நாலைவிடச் சாயாத மூணேகால் மேல்.

நிறையப் பேர் முக்காலைக் கேட்டிருக்க வேண்டும். விஸ்டா சர்வீஸ் பேக் 1இல் ஒரு தீர்வு வந்தது: பயன்படுத்தும் அளவைக் காட்டுவதை விட்டு, செருகியிருக்கும் அளவைக் காட்டினார்கள். உள்ளே அதே மூணேகால், வெளியே 4.00. விண்டோஸ் 7 கொஞ்சம் மனசாட்சியோடு, 4.00 என்று போட்டு அருகிலேயே ‘பயன்படுவது 3.25’ என்றது. அதிலேயே குட்டி லேப்டாப்புகளுக்கு வந்த ஸ்டார்ட்டர் பதிப்பில் எல்லை 2 ஜி.பி.; இதற்குக் காரணம் டிரைவரும் இல்லை, சிப்பும் இல்லை, விலைப்பட்டியல். 2011 செப்டம்பரில் அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியபின் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருக்கும். ரேம் எவ்வளவு என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. கேட்டதெல்லாம், “அண்ணா, அந்த பாஸை எடுத்துட்டு பாட்டு ஏத்திக் குடுங்க.”

இப்போது விண்டோஸ் 11இல் 32 பிட் பதிப்பே கிடையாது. ஹோம் பதிப்புகூட 128 ஜி.பி.யைக் கையாளும். என் கடையில் இருப்பது 16. முழுசாக 16ம் தெரிகிறது. பட்டா ஒரு டேப், சாதிச் சான்று ஒரு டேப், ஓ.டி.பி.க்காகக் காத்திருக்கும் இன்னொன்று, யூடியூபில் பழைய பாட்டு. பாதிக்குமேல் போய்விட்டது என்கிறது டாஸ்க் மேனேஜர். அன்றைக்குக் கிடைக்காத முக்காலைப் பாட்டு ஒன்றே தின்கிறது.

போன்கள் இன்னும் ஒரு படி மேலே. டப்பாவில் 16 ஜி.பி. ரேம் என்று கொட்டை எழுத்து, கீழே பொடியாக 8+8. முதல் 8 ரேம். இரண்டாவது 8, படமும் வீடியோவும் வைக்கிற ஸ்டோரேஜில் வெட்டி எடுத்த இடம். ரேமின் வேகத்துக்கு அது எட்டாது. போன மாதம் கிளியனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ஸ்டோரேஜ் நிறைந்துவிட்டதாகப் போன் நச்சரிக்கிறது, குழந்தையின் படங்களை அழிக்க மனசில்லை என்றாள். நான் அந்த இரண்டாவது 8ஐ அணைத்துக் கொடுத்தேன். இடம் வந்தது, படங்கள் தப்பின, காசும் வாங்கவில்லை.

மறுநாள் கடை திறக்கும்போதே அவள் புருஷன் வாசலில் நின்றிருந்தார். “சார், நேத்து வரைக்கும் 16 இருந்துச்சு. இன்னிக்கி 8தான் காட்டுது. மீதி 8 எங்க?”