கம்பத்துக் காருக்கு நீச்சல் தெரியாது

தென்மேற்குப் பருவமழையைக் கேரளத்தில் கொட்டித் தீர்த்துவிட்டு, மலையைத் தாண்டும்போது காற்றும் சாரலுமாக மட்டும் வருவது கம்பம் அடங்கிய தேனி மாவட்டத்தோடு மேகங்கள் வைத்திருக்கும் பழைய ஏற்பாடு. அந்தத் தைரியத்தில், காருக்கு வெள்ளக் காப்பீடு என்றாலே இங்கே சிரிக்கிறார்கள். அதெல்லாம் சென்னை வேளச்சேரிக்காரர் கவலையாம். ஆனால் வடகிழக்குப் பருவமழைக்கும் அந்த ஏற்பாட்டுக்கும் சம்பந்தமில்லை. 2025 தீபாவளியை ஒட்டிப் பெய்த மழையில் முல்லைப் பெரியாறு கரை மீறி வயல்களுக்குள் புகுந்தது. பெரியகுளத்தில் வராகநதியும் போடியில் கொட்டகுடி ஆறும் ஊரில் வெயிலடிக்கும்போதே மலைமேல் பெய்த தண்ணீரோடு இறங்கிவிடும். கும்பக்கரை அருவியில் குளிப்பவர்களை வனத்துறை கரையேற்றிவிடுகிறது. தரைப்பாலத்தில் இறங்கும் காரைத் தடுக்கத்தான் எப்போதும் ஆள் இருப்பதில்லை.

சட்டம் கேட்பது மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே. போலீஸ் மறித்தால் காட்ட அது போதும். நம் காருக்குள் தண்ணீர் புகுந்தால் அதிலிருந்து ஒரு பைசா பெயராது. 'ஃபுல் இன்சூரன்ஸ்' போட்டவருக்கு வெள்ளம், புயல், உறைபனி எல்லாம் உண்டு. போடிமெட்டு மலைப்பாதையில் பாறை உருண்டு விழுந்தாலும் உண்டு. லிப்டில் ஏற்றிப் போகும்போது அடிபட்டால்கூட உண்டு என்கிறது பத்திரம். கம்பத்தில் காரை லிப்டில் ஏற்றுகிறவர் யாரோ! இவ்வளவு தாராளம் இஞ்சினுக்கு வந்ததும் நின்றுவிடுகிறது. காற்று போகும் குழாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். "வெள்ளம் உடைக்கவில்லை, நீங்கள் சாவியைத் திருப்பியதால் உடைந்தது" என்பது கம்பெனியின் நியாயம். சீட்டுக்கும் வயரிங்குக்கும் பணம் வரும், இஞ்சினுக்கு வராது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பலர் இதைத் தாமதமாகப் படித்தார்கள். அதற்கென்றே 'இஞ்சின் புரொடெக்ட்' என்று ஒரு கூடுதல் காப்பீடு விற்கிறார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் ஆற்றைத் தாண்டி ஓடும் புதுக் காருக்கு அது வேண்டும் என்பதே என் கட்சி.

சாவியைத் திருப்பாமல் இருந்தால் போதாதா, எதற்குத் தண்டச்செலவு என்று கேட்கலாம். நிறுத்திவைத்த காருக்கு அது சரியான வாதம். தரைப்பாலத்தின் நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் இஞ்சினுக்கு அந்த வசதி இல்லை. வெள்ளம் வடிந்ததும் "ஒரு தடவை போட்டுத்தான் பார்ப்போமே" என்று கை நீட்டாத தமிழனும் அபூர்வம். இந்தக் கூடுதல் காப்பீடு இருந்தாலும், நின்ற இஞ்சினைத் திரும்பத் திரும்பக் கிளப்பினால் கம்பெனி கையை விரித்துவிடலாம். மேகம் கறுத்ததும் வாங்கிக்கொள்கிறேன் என்பவர்களுக்கு ஒரு செய்தி: பெரும்பாலும் பாலிசி எடுக்கும்போதோ புதுப்பிக்கும்போதோதான் இதைச் சேர்க்க முடியும். சித்திரை வெயிலில் மழைக்குப் பணம் கட்ட மனசு வராதுதான், ஆனால் புது இஞ்சின் விலையைக் கேட்டால் வரும். பழைய ஜீப் வைத்திருப்பவர்களை மட்டும் விட்டுவிடலாம். வயதான வண்டிக்குப் பல கம்பெனிகள் இதைத் தருவதில்லை. இஞ்சின் செலவே வண்டியின் மதிப்பைத் தாண்டிவிடும். அவர்களுக்கு மேடான இடமாகப் பார்த்து நிறுத்துவதே மலிவு.